கணக்குச் சொல்லுதாம்

2023 மே மாதம் ஒரு கூட்டத்துக்குப் போனேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பெரிய வித்தியாசம் இல்லை, எக்செல் தாள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். இளைஞர் பிரதிநிதி என்று ஒரு கதிரை போட்டிருந்தார்கள், அதில் போய் இருந்தேன். மின்சாரத்தைச் சேமிக்கிற திட்டங்களுக்குக் கொஞ்சம் பணம் வந்திருக்கிறது, எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்க வேண்டும். மேசையில் மூன்று திட்டங்கள். பணம் இரண்டுக்குத்தான் போதும்.

முதலாவது, வீதிகளில் எரிகிற மஞ்சள் சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்ஈடி போடுவது. இரண்டாவது, அலுவலகக் கட்டடத்தில் இருக்கிற பழைய ஏசிகளை இன்வேட்டர் ஏசிகளாக மாற்றுவது. மூன்றாவது, மாதம் 90 யூனிட்டுக்குள் பாவிக்கிற நானூறு வீடுகளுக்கு ஆளுக்கு ஒரு சிக்கன ஃபானும் நாலு எல்ஈடி பல்பும் கொடுப்பது. வீட்டுக்கு 23,000 ரூபா அளவில் செலவு.

சுவரில் தாளைப் போட்டுக் காட்டினார்கள். ஐந்து அளவுகோல்கள். எத்தனை யூனிட் மிச்சம் என்பதற்கு நிறை 30. போட்ட காசு எத்தனை வருசத்தில் திரும்பும் என்பதற்கு 25. நடைமுறைப்படுத்த எவ்வளவு இலகு என்பதற்கு 20. காபன் குறைப்புக்கு 15. எத்தனை பேருக்குப் பயன் என்பதற்கு 10. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒவ்வொரு அளவுகோலிலும் பத்துக்கு எத்தனை என்று புள்ளி போட்டு, நிறையால் பெருக்கி, கூட்டி, நூறால் பிரித்தால் முடிவு. வீதி விளக்கு 8.25. ஏசி 6.65. வீடுகள் 4.75.

"கணக்கு இப்பிடித்தான் சொல்லுது பிள்ளை, நாங்கள் என்ன செய்யிறது?" என்றார் பக்கத்தில் இருந்த உத்தியோகத்தர். கெட்ட மனுசன் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அந்த வசனத்தோடுதான் எனக்குச் சண்டை. மின்சாரச் சிக்கனம் பற்றி நம் நாட்டில் நடக்கிற எத்தனையோ கூட்டங்களில் கடைசியாகச் சொல்லப்படுகிற வசனம் இதுதான், சொன்ன பிறகு யாரும் வாய் திறப்பதில்லை.

கணக்கு ஒன்றும் சொல்லாது. 30, 25, 20, 15, 10 என்ற ஐந்து எண்களை ஒரு ஆள், ஒரு நாள், ஒரு கதிரையில் இருந்து தட்டியிருக்கிறார். அவர் சொன்னதைத்தான் கணக்குத் திருப்பிச் சொல்கிறது.

இதை மற்ற யாருக்கு விளக்கினாலும் எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. புள்ளிக்கு நிறை போடுவது அரசியல் என்பதை 1970களில் தரப்படுத்தலில் படித்த சனம் நாங்கள். இப்போதும் ஏஎல் எழுதுகிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இந்த 40, 55, 5 கணிதத்தில் இருந்து வரவில்லை. ஆட்கள் சண்டை பிடித்து, மாற்றி, திரும்ப மாற்றி வந்த எண்கள். அந்த 5 வீதத்தால் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் நுவரெலியாவிலும் இருந்து பிள்ளைகள் உள்ளே போகிறார்கள் என்பதும் உண்மை. ஆக, நிறை போடுவது கெட்டது என்பதல்ல என் வாதம். ஸீ ஸ்கோரைப் பற்றி வீட்டுத் திண்ணையில் இருந்து மணிக்கணக்கில் வாதாடுகிற நாங்கள், பொதுப் பணத்துக்குப் புள்ளி போடுகிற தாளைக் கண்டால் மட்டும் ஏன் தலையாட்டிவிட்டு வருகிறோம் என்பதுதான்.

சரி, அந்தத் தாளுக்கு வருவோம்.

காபன் குறைப்பு என்ற நிரலைப் பாருங்கள். ஏசிக்கு யூனிட் சேமிப்பில் 7, காபனிலும் 7. வீடுகளுக்கு 5, காபனிலும் 5. வீதி விளக்குக்கு 9, காபனிலும் 9. எப்படி இவ்வளவு ஒற்றுமை? காபனை யாரும் தனியாக அளக்கவில்லை. மிச்சமாகிற யூனிட்டை ஒரு நிலையான எண்ணால் பெருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்படியென்றால் தாளில் இருப்பது ஐந்து அளவுகோல் இல்லை, நாலுதான். யூனிட் சேமிப்புக்கு உண்மையான நிறை 30 இல்லை, 45. ஒரே பாடத்துக்கு இரண்டு பெயரில் இரண்டு தரம் புள்ளி போட்ட மாதிரி. காசு திரும்பும் காலத்திலும் பாதி யூனிட் சேமிப்புத்தான் ஒளிந்திருக்கிறது என்பதையும் சேர்த்தால், பெரிய பாவனைக்காரருக்குத்தான் இந்தத் தாள் முதலில் இருந்தே சாய்ந்திருக்கிறது. அதிகம் வீணாக்குகிறவரிடம்தான் அதிகம் மிச்சம் பிடிக்கலாம். மாதம் 50 யூனிட்டில் சீவிக்கிற வீட்டில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது?

காபனைத் தனியாக அளக்க விரும்பியிருந்தால் ஒரு வழி இருந்தது. எந்த நேரத்து யூனிட் என்று கேட்டிருக்கலாம். இலங்கையில் மின்சாரத்துக்கு ஒரு நாளுக்குள்ளேயே பல விலை உண்டு. மாலை 6.30 தொடக்கம் இரவு 10.30 வரை உச்ச நேரம் என்று கட்டண அட்டவணையே சொல்கிறது. சூரியன் போய்விடும், எல்லா வீட்டிலும் லைற், ஃபான், ரீவி, சோறு சமைக்கிற குக்கர் என்று ஒரே நேரத்தில் போடுவார்கள். அப்போதுதான் எண்ணெயில் ஓடுகிற நிலையங்களைக் கூடுதலாக ஓட்ட வேண்டி வருகிறது. எண்ணெய் டொலரில் வருகிறது. டொலர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2022 மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம் இருட்டுக்குள் இருந்து படித்தோம், மறக்க முடியாது.

பகலில் கதை வேறு. கூரைகளில் சூரிய மின்கலம் பெருகிப் பெருகி, 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகலில் அவற்றை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்கிற நிலைமை வந்தது. அதற்கு இரண்டு மாதம் முந்தி, பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டதே, அன்றைக்கும் ஒரு பக்கத்துப் பிரச்சினை பாவனை குறைந்த பகலில் சூரிய மின்சாரம் கூடியிருந்ததுதான். (குரங்கைப் பற்றி எத்தனை மீம் போட்டோம். சூரிய மின்சாரத்தைச் சேமித்து வைக்க பற்றரி எங்கே என்று எத்தனை பேர் கேட்டோம்?) வேலைநாள் பகலில் தேவை அதிகம்தான், அதை மறுக்கவில்லை. ஆனாலும் காலை எட்டரைக்குத் திறந்து நாலேகாலுக்குப் பூட்டுகிற அலுவலகத்தின் ஏசியில் மிச்சமாகிற யூனிட்டும், இரவு எட்டு மணிக்கு ஒரு வீட்டில் மிச்சமாகிற யூனிட்டும் ஒன்றல்ல. தாள் இரண்டையும் ஒன்று என்கிறது.

நான் வீட்டுக்கு வந்து தாளைத் திருத்திப் பார்த்தேன். காபன் நிரலை எடுத்துவிட்டு அதே 15 நிறையை மாலை உச்ச நேரக் குறைப்புக்குக் கொடுத்தேன். ஏசிக்கு 1, வீடுகளுக்கு 8, இரவு முழுக்க எரிகிற வீதி விளக்குக்கு 10. மற்ற எதையும் தொடவில்லை. வீதி விளக்கு 8.40, ஏசி 5.75, வீடுகள் 5.20. 1.90 ஆக இருந்த இடைவெளி 0.55 ஆகிவிட்டது.

அடுத்தது காசு திரும்பும் காலம். இதில்தான் எனக்கு ஆத்திரம் அதிகம் வந்தது, ஏனென்றால் பார்ப்பதற்கு மிகவும் நேர்மையான அளவுகோல் இதுதான். வீடுகளுக்கு ஆறு வருசத்துக்கு மேல் என்று போட்டு 4 புள்ளி கொடுத்திருந்தார்கள். எப்படி வந்தது? மாதம் 10 யூனிட் மிச்சம், யூனிட் 30 ரூபா, மாதம் 300 ரூபா, வருசம் 3,600. 23,000ஐ 3,600ஆல் பிரித்தால் ஆறரை வருசம் அளவில் வரும். ஏழை வீடு, ஆகவே ஆகக் குறைந்த யூனிட் விலையை எடுத்திருக்கிறார்கள். சரி போலத்தான் தெரியும்.

ஆனால் பில் அப்படி வருவதில்லை. 60 யூனிட்டில் ஒரு வேலி இருக்கிறது. 2023 பெப்ரவரிக் கட்டணப்படி, 60 யூனிட் வரை பாவிக்கிற வீட்டுக்கு முதல் 30 யூனிட்டும் 30 ரூபா, அடுத்த 30 யூனிட்டும் 37 ரூபா, நிலையான கட்டணம் 550. ஒரு யூனிட் கூடி 61 ஆனால் முதல் யூனிட்டில் இருந்தே 42 ரூபா, நிலையான கட்டணம் 650. இப்போது 65 யூனிட் பாவிக்கிற வீட்டை எடுங்கள். பில் 3,380 ரூபா. அதே வீடு ஒரு நல்ல ஃபானும் பல்பும் போட்டு 55க்கு இறங்கினால் பில் 2,375. பத்து யூனிட்டுக்கு ஆயிரத்து ஐந்து ரூபா மிச்சம். தாள் அதை 300 என்று எழுதியிருக்கிறது.

எல்லா வீடும் அந்த வேலியில் நிற்காது, தெரியும். நாலில் ஒரு வீடுதான் வேலியைத் தாண்டி இறங்கும், மற்றவை யூனிட்டுக்கு 37, 42 என்றுதான் மிச்சம் பிடிக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். அப்படிப் பார்த்தாலும் நாலு வருசத்துக்குள் காசு திரும்பிவிடுகிறது. அதே தாளின் விதிப்படி நாலு வருசத்துக்கு 6 புள்ளி. இதற்குப் பிறகு கட்டணம் பல தரம் ஏறி இறங்கிவிட்டது, எண்கள் மாறிவிட்டன. 60 யூனிட் வேலி மட்டும் அப்படியே நிற்கிறது.

இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: யாருடைய காசு திரும்புகிறது? ஏசியை மாற்றினால் அலுவலகத்தின் பில் குறையும். வீட்டுக்கு ஃபான் கொடுத்தால் வீட்டுக்காரரின் பில் குறையும், அலுவலகத்துக்கு ஒரு சதமும் வராது. "காசு திரும்பும் காலம்" என்று எழுதும்போது ஒரே பெயரில் இரண்டு வேறு சட்டைப்பைகளைப் பார்க்கிறோம். இதில் மூன்றாவது சட்டைப்பையும் உண்டு. ஆகக் குறைந்த படியில் இருக்கிற வீடுகளுக்கு மின்சாரம் உற்பத்திச் செலவுக்குக் கீழேதான் விற்கப்பட்டு வந்திருக்கிறது. அந்தக் குறையை மற்றப் பாவனையாளர்களோ திறைசேரியோதான் நிரப்ப வேண்டும். அப்படியென்றால் அந்த வீடு இரவில் ஒரு யூனிட் குறைத்தால் பொதுப் பணத்துக்கும் லாபம். தாளில் அதற்கு ஒரு கட்டமே இல்லை.

இது நானூறு வீடுகளுக்கு என்ன பொருள் என்று விளங்க, வேறு ஒரு கணக்கைப் பாருங்கள். மாதம் சரியாக 30 யூனிட் பாவித்த வீடு 2022 ஓகஸ்ட் கட்டண உயர்வுக்கு முதல் 105 ரூபா கட்டியது. ஓகஸ்ட்டில் அது 360 ஆனது. 2023 பெப்ரவரியில் 1,300. ஆறு மாதத்தில் 12 மடங்கு. நாங்கள் கூட்டத்தில் இருந்த மே மாதம் அந்த 1,300 கட்டணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் "பயன் பெறுவோர்" என்ற நிரலுக்கு 10 நிறை போட்டு, ஏசிக்கு இரண்டாம் இடம் கொடுத்தார்கள்.

அந்த ஒரு திருத்தத்தையும் போட்டேன், வீடுகளின் காசு திரும்பும் புள்ளியை 4இல் இருந்து 6 ஆக்கினேன். இப்போது ஏசி 5.75. வீடுகள் 5.70.

இவ்வளவுக்கும் நிறைகளில் நான் கை வைக்கவே இல்லை. அவர்கள் போட்ட அதே 30, 25, 20, 15, 10. பிழையாக அளந்த இரண்டு இடங்களை மட்டும் திருத்தினேன், அதற்கே ஆட்டம் சமநிலைக்கு வந்துவிட்டது. 0.05 என்பது வித்தியாசமே இல்லை. யாரோ ஒருவர் 7க்குப் பதில் 6 போட்டிருந்தால் தலைகீழ்.

இனிமேல்தான் உண்மையான அரசியல். "நடைமுறைப்படுத்த இலகு" என்பதற்கு 20, "எத்தனை பேருக்குப் பயன்" என்பதற்கு 10. இந்த இரண்டையும் இடம் மாற்றினால் ஏசி 5.05க்கு விழுகிறது, வீடுகள் 6.30க்கு ஏறுகின்றன. ஏன் இலகுவுக்கு இரட்டிப்பு நிறை?

இலகு என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு கட்டடம், ஒரு கேள்விப்பத்திரம், ஒரு ஒப்பந்தக்காரர், ஒரு கையெழுத்து என்றார்கள். அதனால் ஏசிக்கு 9. வீடுகளுக்கு 3, ஏனென்றால் நானூறு இடத்துக்குப் போக வேண்டும், பில் ஒருவர் பெயரில் இருக்கும் குடியிருப்பவர் வேறொருவர், காணிக்கு உறுதி இல்லை, சில வீட்டில் வயரிங்கே சரியில்லை. எல்லாம் உண்மை. ஆனால் இந்தப் பட்டியலை இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள். இது திட்டத்தின் குறை இல்லை, அந்தச் சனத்தின் நிலைமை. உறுதி இல்லாதது அவர்கள் இடம்பெயர்ந்ததால். பில் வேறு பெயரில் இருப்பது வீடு அவர்களுடையது இல்லாததால். ஏற்கெனவே இழந்தவற்றுக்காக இப்போது புள்ளியும் இழக்கிறார்கள். வீதியே போடாத ஊருக்கு "போக்குவரத்துச் சிரமம்" என்று புள்ளி குறைக்கிற தாள் இது. லயத்தில் வளர்ந்த என் சிநேகிதி ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டாள். "எங்களுக்கு எந்தத் திட்டத்திலதான் இலகுவில பாஸ் போட்டாங்க?" என்றாள்.

இலகு முக்கியம் இல்லை என்று சொல்லவில்லை. செய்ய முடியாத திட்டத்துக்குக் காசு ஒதுக்கி, வருச முடிவில் திருப்பி அனுப்புகிற கூத்தும் எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் அதைப் புள்ளியாகப் போடாமல் வாசலில் ஒரு கேள்வியாக வைக்கலாம்: செய்ய முடியுமா, முடியாதா? முடியும் என்றால் உள்ளே வா, பிறகு மற்றவற்றில் போட்டி போடு. புள்ளியாகப் போட்டால் என்ன நடக்கும் என்றால், இலகுவில் வாங்கிய 9, யாருக்கும் பயனில்லாத 2ஐ மூடி மறைத்துவிடும். கூட்டல் கணக்கின் குணம் அது. ஒரு பாடத்தில் சறுக்கினால் இன்னொன்றால் ஈடு செய்யலாம். எதை எதனால் ஈடு செய்யலாம் என்று யார் அனுமதி கொடுத்தார்கள்?

இந்த முறையைப் பாவிக்கிறவர்கள் பலருக்குத் தெரியாத இன்னொரு விளையாட்டும் உண்டு. சில இடங்களில் புள்ளியை நேரடியாகப் போடாமல், வந்த திட்டங்களில் ஆகச் சிறந்ததுக்கு 10, ஆக மோசமானதுக்கு 0, நடுவில் இருப்பவற்றை விகிதப்படி என்று போடுவார்கள். எங்கள் மூன்று திட்டங்களில் வீதி விளக்குக்கு 2 வருசம், ஏசிக்கு 4 வருசம், வீடுகளுக்கு 6 வருசம் என்று அவர்கள் கணக்கையே வைத்துக்கொண்டால் புள்ளி 10, 5, 0. இப்போது யாராவது 10 வருசம் எடுக்கிற உதவாத திட்டம் ஒன்றைக் கொண்டுவந்து நாலாவதாகச் சேர்த்தால் என்ன ஆகும்? 10, 7.5, 5, 0. ஏசிக்கும் வீடுகளுக்கும் இடையில் 5 ஆக இருந்த தூரம் 2.5 ஆகிவிட்டது. இரண்டு திட்டத்திலும் ஒரு ஆணிகூட மாறவில்லை. எலெக்ஷனில் டம்மி வேட்பாளர் இறக்குகிற நாட்டில் டம்மி திட்டம் இறக்கத் தெரியாமலா இருக்கும்?

அதனால்தான் நிறை என்பது "எது முக்கியம்" என்ற கேள்விக்கான பதில் இல்லை. செலவு முக்கியமா என்று கேட்டால் எவரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் வந்திருக்கிற திட்டங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே செலவு என்றால், செலவுக்கு 25 நிறை போடுவது வீண். கேட்க வேண்டியது, இந்த அளவுகோலில் இங்கிருந்து இவ்வளவு தூரம் போவது, அந்த அளவுகோலில் அங்கிருந்து அவ்வளவு தூரம் போவதைவிடப் பெரிதா என்று. ஏசி வேலையை ஒரு கையெழுத்தில் முடிப்பதா, நானூறு குடும்பத்துக்கு மாதம் சில நூறு ரூபா மிச்சமா? இப்படிக் கேட்டால் கூட்டத்தில் வாய் திறந்து "ஒரு கையெழுத்துத்தான் பெரிசு" என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது. 20, 10 என்று எண்ணாக எழுதிவிட்டால் அதையே சொன்னதாக யாருக்கும் தெரியாது.

நிறைகளைப் பற்றி இன்னொன்று. 17.5, 12.5 என்று தசமத்தில் நிறை போட்ட தாள்களும் கண்டிருக்கிறேன். ஏதோ தராசில் நிறுத்து எடுத்த மாதிரி. 1979இல் ரொபின் டோஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் பெயர்போனது. எதை எல்லாம் பார்க்க வேண்டும் என்று சரியாகத் தெரிவு செய்துவிட்டால், நுணுக்கமாக நிறை போடாமல் எல்லாவற்றுக்கும் சம நிறை போட்டாலே நல்ல கணிப்பு வரும் என்று காட்டினார். அவர் பேசியது எதிர்வுகூறலைப் பற்றி, பொதுப் பணத்தைப் பங்கிடுவதைப் பற்றி இல்லை, அது தெரிந்தே சொல்கிறேன். ஆனாலும் சம நிறையில் இருந்து விலகுகிறவர்தான் ஏன் விலகினேன் என்று காரணம் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை. "இது மேல இருந்து வந்த தாள்" என்றார்கள்.

அதற்கும் இருநூறு வருசம் முந்தி, 1772இல், பெஞ்சமின் பிராங்க்ளின் தன் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரீஸ்ட்லிக்கு ஒரு வேலையை ஏற்பதா விடுவதா என்று குழப்பம். தாளை இரண்டாகப் பிரி, ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம், ஒவ்வொன்றின் பாரத்தையும் மதிப்பிடு, சமமானவற்றை வெட்டு, மிஞ்சுவதைப் பார் என்று வழி சொன்னார். என்ன முடிவு எடு என்று சொல்லவில்லை. அதுதான் விசயம். தன் வாழ்க்கைக்குத் தானே பாரம் போடுகிற ஆளுக்கான முறை அது. நானூறு வீட்டு ஆட்களில் ஒருவர்கூட இல்லாத அறையில் அவர்கள் சார்பில் பாரம் போடுவதற்கு அது அத்தாட்சி ஆகாது.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தத் தாள் வருவதற்கு முதல் எப்படித் திட்டம் தெரிவு செய்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டால் சொல்வா. ஒரு சிபாரிசுக் கடிதம், ஒரு தேநீர், முடிந்தது. யாருடைய மச்சான் ஒப்பந்தக்காரரோ அவருடைய திட்டம். அதைவிட எக்செல் தாள் எவ்வளவோ மேல். தாளில் பிழை இருந்தால் என்னைப் போல ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்திப் பார்க்கலாம். தேநீரை எப்படித் திருத்துவது? வீதி விளக்குத் திட்டத்தையே பாருங்கள். நான் எப்படி நிறையை மாற்றிப் பார்த்தாலும் அது முதலாம் இடத்தை விடவில்லை. அதில் யாரும் சண்டை பிடிக்கத் தேவையில்லை என்று காட்டியதும் இதே தாள்தான். ஆகவே தாளைக் கிழிக்கச் சொல்லவில்லை. எந்த இடத்தில் கணக்கு முடிந்து எந்த இடத்தில் ஆட்களின் விருப்பம் தொடங்குகிறது என்று அதில் கோடு போட்டுக் காட்டச் சொல்கிறேன். நிறைகளைத் திட்டங்கள் வருவதற்கு முதலே, யாருக்கு எத்தனை புள்ளி என்று தெரிவதற்கு முதலே, பகிரங்கமாகத் தீர்மானியுங்கள். அந்த அறையில் பில் கட்டுகிறவர்களும் இருக்கட்டும். நிறையைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் இடம் மாறுகிற திட்டங்கள் எவை என்று இன்னொரு பக்கத்தில் போடுங்கள். எக்செல்லில் அதற்குப் பத்து நிமிசம் போதும், அலுப்பு என்று சொல்லாதீர்கள்.

கூட்டம் முடியும் நேரம் நான் கேட்டேன், "சேர், அந்த 20ஐயும் 10ஐயும் மட்டும் ஒருக்கா மாத்திப் பாப்பமா?" உத்தியோகத்தர் உண்மையாகவே முயன்றார். அந்தக் கட்டத்தில் போய்த் தட்டினார். கடவுச்சொல் கேட்டது. "லொக் பண்ணித்தான் அனுப்பியிருக்கினம் பிள்ளை" என்றார். ஏசி வந்தது. நன்றாகக் குளிர்கிறது என்று கேள்வி.

இப்போது இரண்டாவது சுற்றுப் பணம் வந்திருக்கிறது. நானூறு வீடுகள் திரும்பவும் பட்டியலில், இந்த முறை போட்டி அலுவலகக் கட்டடத்தின் இன்னொரு மாடியோடு. தாள் அதேதான் என்று சொல்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தக் குடிமகனும் குடிமகளும் காரணம் சொல்லாமலே இப்படியான தாளைக் கேட்கலாம், தருவதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். நாங்கள் நாலு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம். புள்ளித் தாள், நிறைகளைத் தீர்மானித்த கூட்டத்தின் குறிப்பு, அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களின் பதவிப் பட்டியல், மூன்றும் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். கடவுச்சொல்லையும் கேட்போமா என்று ஒருத்தன் பகிடியாகக் கேட்டான், அதையும் எழுதினோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு தாள் இருந்தால் எங்களுக்கு அனுப்புங்கள், இருந்து திருத்திப் பார்ப்போம்.

இன்று ஒன்பதாவது வேலைநாள்.